பந்தைக் கொடுக்கத் தெரிந்தவர்: தியான் சந்தின் வாழ்க்கை

ஹொக்கி பற்றி அதிகம் தெரியாதவர்களும் தியான் சந்தைப் பற்றி ஒரு கதையாவது கேட்டிருப்பார்கள். நெதர்லாந்தில் அவருடைய மட்டைக்குள் காந்தம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தார்களாம். ஜப்பானில் பசை பூசியிருக்கிறதா என்று சந்தேகப்பட்டார்களாம். பேர்லினில் ஹிட்லரே கூப்பிட்டுத் தன்னுடைய இராணுவத்தில் பெரிய பதவி தருவதாகச் சொன்னாராம். பெரியவர்கள் சொல்லவும் விளையாட்டு ஆசிரியர்கள் சொல்லவும் நானும் இவற்றைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

இந்தக் கதைகளில் எது நடந்தது, எது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று பிரித்துப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. ஆனால் எல்லாக் கதைகளும் ஒன்றையே சொல்கின்றன: அந்த மனிதரிடம் ஏதோ மந்திரம் இருந்தது. மந்திரம் என்று சொல்லிவிட்டால் அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொள்ள எதுவும் இல்லாமற் போய்விடுகிறது. அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தபோது எனக்குத் தெரிந்தவர் நீண்ட நேரம் பயிற்சி செய்த ஒரு சாதாரணச் சிப்பாய். அந்தப் பயிற்சியின் பெரும்பகுதி, பந்தைச் சரியான நேரத்தில் இன்னொருவருக்குக் கொடுப்பதைப் பற்றியது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த மனிதரின் விளையாட்டு வாழ்க்கையை ஒரு போர் நடுவிலே வெட்டியது. ஒரு பிரிவினை அவருடைய அணியை இரண்டாகக் கிழித்தது. அதற்குப் பிறகும் அவர் என்ன செய்தார் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கதை.

சிப்பாயின் மகன்

தியான் சிங் 1905 ஓகஸ்ட் 29 அன்று அலகாபாத்தில் பிறந்தார். தந்தை பிரித்தானிய இந்திய இராணுவத்தில் இருந்தவர். அங்கே ஹொக்கியும் ஆடியவர். தந்தைக்கு இடமாற்றம் வரும்போதெல்லாம் குடும்பமும் மூட்டை கட்டியது. அதனால் பிள்ளையின் படிப்பு ஆறு வகுப்புகளோடு நின்றுபோனது. கடைசியில் குடும்பம் ஜான்சியில் வீடு கட்டிக் குடியேறியது. அந்த நகரம்தான் சாகும்வரை அவருக்கு ஊர்.

சிறுவயதில் அவருக்குப் பிடித்தது மல்யுத்தம். ஹொக்கியை அவர் முறையாக ஆடத் தொடங்கியது இராணுவத்தில் சேர்ந்த பிறகுதான். 1922 இல், பதினேழாவது வயதில், முதலாம் பிராமணர் படைப்பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார்.

இராணுவம் என்ற சொல் இந்தப் பக்கத்தை வாசிக்கும் பலருக்கு இலகுவான சொல் அல்ல என்பது எனக்குத் தெரியும். பதினேழு வயதுப் பிள்ளை, சீருடை என்று சேர்த்து எழுதும்போது எங்களில் பலருக்கு வேறு முகங்கள் நினைவுக்கு வரும். தியான் சந்த் சேர்ந்ததும் தன்னுடைய மக்களின் இராணுவம் அல்ல. அவருடைய நாட்டை ஆண்ட பேரரசின் இராணுவம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சம்பளமும் சாப்பாடும் கிடைத்த இடம் அது. அதை நான் பெருமைப்படுத்தவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அவருக்கு ஒரு மட்டையும் ஒரு மைதானமும் அங்கேதான் கிடைத்தன.

இரவு மைதானம்

படைப்பிரிவில் சுபேதார் மேஜராக இருந்த பாலே திவாரி என்பவர் இந்தப் பையனைக் கவனித்தார். ஹொக்கியின் முதற் பாடங்களைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பகலில் காவல் கடமை. அது முடிந்த பிறகுதான் பயிற்சி. மின்விளக்கு இல்லாத மைதானத்தில் நிலவு வரும்வரை அவர் காத்திருப்பார் என்றும், அதனாலேயே தியான் சிங்குக்குச் சந்திரன் என்ற பொருளில் சந்த் என்ற பெயர் வந்தது என்றும் சொல்வார்கள்.

நிலவில் பந்து சரியாகத் தெரியாது. கண்ணை நம்பி ஆட முடியாத இடத்தில் மட்டையில் படும் அதிர்வையும் காதில் விழும் சத்தத்தையும் நம்பித்தான் ஆட வேண்டும். பிற்காலத்தில் அவருடன் ஆடியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விடயம் இதோடு பொருந்துகிறது. தியான் சந்த் பந்தைப் பார்ப்பதேயில்லை. தலை நிமிர்ந்தபடி இருக்கும். தன்னுடைய ஆட்கள் எங்கே, எதிரணி ஆட்கள் எங்கே என்பதைச் சதுரங்கப் பலகையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கால ஹொக்கி அணியில் முன்னே ஐந்து பேர், நடுவில் மூவர், பின்னே இருவர், கோல் காப்பாளர் ஒருவர். முன்வரிசை ஐவரில் நடுவில் நிற்பவர் தியான் சந்த். எல்லோருடைய பந்தும் அவரிடம் வந்து போகும் இடம் அது.

அன்றைய ஓஃப்சைட் விதி மிகக் கடுமையானது. எதிரணியின் பாதிக்குள் ஒருவருக்குப் பந்து அனுப்பப்படும் நேரத்தில், அவருக்கும் கோல் எல்லைக்கும் இடையில் எதிரணியின் மூன்று பேராவது இருக்க வேண்டும். ஆகவே முன்னாலே போய்ப் பந்துக்காகக் காத்து நிற்க முடியாது. ஓடுபவர் ஓடத் தொடங்கும் கணமும் பந்து மட்டையை விட்டுப் போகும் கணமும் ஒன்றாக அமைய வேண்டும். அரை விநாடி முந்தினாலும் பிந்தினாலும் தாக்குதல் முடிந்துவிடும். தியான் சந்தின் பெருமை அந்த அரை விநாடியில்தான் இருந்தது.

மூன்று பயிற்சிகள்

சில காலத்துக்கு முன் வடக்கில் ஒரு பாடசாலை மைதானத்தில் மாணவிகளின் ஹொக்கிப் பயிற்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புல் இல்லை, கிரவல் தரை. எல்லைக்குறிகளுக்குப் பதிலாகத் தண்ணீர்ப் போத்தல்கள். அங்கே பார்த்த மூன்று பயிற்சிகளும் தியான் சந்தின் ஆட்டத்தை எனக்குப் புரியவைத்தன.

முதலாவது முக்கோணப் பயிற்சி. மூன்று பேர் பத்து மீற்றர் இடைவெளியில் நிற்பார்கள். பந்தைத் தள்ளிக் கொடுத்தவர் நின்ற இடத்திலேயே நிற்கக் கூடாது. கொடுத்த கையோடு வெற்றிடத்துக்கு ஓட வேண்டும். பந்து வாங்குபவர் இரண்டு தொடுகைக்குள் அதை அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டு. ஐந்து நிமிடம் செய்தால் மூச்சு வாங்கும். கால்களைவிட மனம்தான் முதலில் களைக்கும். பந்து வருவதற்கு முன்பே அது எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது, இருவர் தாக்க ஒருவர் தடுப்பது. பந்து வைத்திருப்பவர் தடுப்பவரை நோக்கி நேரே ஓட வேண்டும். தடுப்பவர் பந்தைப் பறிக்கக் காலெடுத்து வைக்கும் வரைக்கும் பொறுக்க வேண்டும். அப்போதுதான் பக்கத்திலே ஓடுபவருக்குத் தள்ளிவிட வேண்டும். முன்னதாகக் கொடுத்தால் தடுப்பவர் திரும்பிவிடுவார். பிந்தினால் பந்து போய்விடும். பிள்ளைகள் அநேகமாகச் செய்யும் பிழை, கொடுக்காமல் தாங்களே தாண்டிப் போகப் பார்ப்பது.

மூன்றாவது, கோலாக முடிப்பது. ஹொக்கியில் கோலுக்கு முன்னாலுள்ள அரைவட்டத்துக்குள்ளே தாக்கும் அணியின் மட்டை பட்ட பந்து மட்டுமே கோலாகக் கணக்கிடப்படும். தியான் சந்தின் காலத்திலும் அப்படித்தான். அந்த இடத்தில் மட்டையைப் பின்னுக்கு ஓங்க நேரமில்லை. வந்த பந்தை வந்த வேகத்திலேயே திருப்ப வேண்டும். கோலின் அகலம் 3.66 மீற்றர். காப்பாளர் நடுவில் நின்றால் மிஞ்சுவது இரண்டு மூலைகள்தான். அந்த மூலைகளிலே ஒவ்வொரு போத்தலை வைத்து, ஓடி வரும் பந்தை நிறுத்தாமல் அதில் அடிக்கச் சொன்னார் பயிற்றுநர்.

தியான் சந்தின் ஆட்டம் பற்றி எழுதப்பட்டவை எல்லாவற்றையும் அலசினால் இந்த மூன்றுக்கும் மேலாக ஒன்றும் இல்லை. வேகமாகக் கொடு, எதிராளியை இழுத்துவிட்டுக் கொடு, கிடைத்ததை ஒரே தொடுகையில் முடி. அவர் இவற்றை மற்றவர்களைவிட அதிகத் தடவை செய்தவர், அவ்வளவுதான்.

வழியனுப்ப வந்த மூன்று பேர்

1926 இல் இந்திய இராணுவ அணி நியூசிலாந்துக்குப் போனது. 21 ஆட்டங்களில் 18 இல் வெற்றி, ஒன்றில் மட்டும் தோல்வி. அணி அடித்த 192 கோல்களில் பாதிக்கும் மேல் தியான் சந்துடையவை. திரும்பி வந்த சிப்பாய்க்குக் கிடைத்தது லான்ஸ் நாயக் என்ற சிறிய பதவி உயர்வு.

இரண்டு வருடங்களின் பின், 1928 மார்ச்சில், இந்தியா முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு ஹொக்கி அணியை அனுப்பியது. பம்பாய்த் துறைமுகத்தில் அவர்களை வழியனுப்ப மூன்றே மூன்று பேர் வந்திருந்தார்கள். இருவர் ஹொக்கிச் சம்மேளனத்தின் தலைவரும் உபதலைவரும். மற்றவர் ஒரு பத்திரிகையாளர்.

அம்ஸ்டர்டாமில் ஒஸ்திரியாவை 6, பெல்ஜியத்தை 9, டென்மார்க்கை 5, சுவிற்சர்லாந்தை 6 என்று கோல்களால் வென்றார்கள். இறுதியாட்டத்துக்கு முன் அணித்தலைவர் ஜெய்பால் சிங் அணியை விட்டு விலகியிருந்தார். பல வீரர்கள் நோய்வாய்ப்பட்டிருந்தார்கள். தியான் சந்துக்கும் கடும் காய்ச்சல். அந்த நிலையில் நெதர்லாந்தை அதன் சொந்த மண்ணில் 3–0 என்று வென்று தங்கம் பெற்றார்கள். ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள், எதிரணிகளுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த 29 இல் 14 தியான் சந்துடையவை.

திரும்பி வந்தபோது பம்பாய்த் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் நின்றார்கள். வரவேற்பு முடிந்ததும் சிப்பாய் தன் கடமைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவரை வசிரிஸ்தான் எல்லைப்புற மலைகளுக்கு அனுப்பினார்கள். ஹொக்கியிலிருந்து வெகுதூரம்.

அண்ணனும் தம்பியும்

1932 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் போட்டிகளுக்கு வர தியான் சந்துக்கு மேலதிகாரிகள் விடுமுறை கொடுக்கவில்லை. சம்மேளனம் அவரைத் தெரிவுப் போட்டியில்லாமலே அணியில் சேர்த்துக்கொண்டது. இந்த முறை தம்பி ரூப் சிங்கும் தெரிவானார். ஆனால் வெளிநாடு போக நல்ல உடுப்பு இல்லை என்று தம்பி பின்வாங்கினார். அண்ணன் தன்னுடைய காசில் உடுப்பு வாங்கிக் கொடுத்து அவரைக் கூட்டிப் போனார்.

அந்தப் பயணத்தில் அணி இலங்கைக்கும் வந்தது. இங்கே இரண்டு ஆட்டங்கள். ஒன்றில் 20 கோல், மற்றதில் 10 கோல் அடித்தார்கள். எங்கள் அணிகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

உலகப் பொருளாதார மந்த காலம் அது. லொஸ் ஏஞ்சல்சுக்கு ஹொக்கி அணி அனுப்பியவை மூன்று நாடுகள் மட்டுமே. ஜப்பானை 11–1, அமெரிக்காவை 24–1 என்று இந்தியா வென்றது. அமெரிக்காவுக்கு எதிராகத் தம்பி 10 கோல், அண்ணன் 8 கோல். இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்துத் தம்பிதான் அண்ணனை விட ஒரு கோல் அதிகம்.

இந்தக் கணக்கு ஒரு தற்செயல் அல்ல. நடுவில் நிற்கும் அண்ணன் இரண்டு பின்கள வீரர்களைத் தன் பக்கம் இழுத்துவிட்டு, இடது பக்கம் நிற்கும் தம்பிக்குப் பந்தைத் தள்ளுவார். தம்பி முடித்துவிடுவார். நான் மேலே சொன்ன இரண்டாவது பயிற்சி இதுதான். தன்னைவிடத் தம்பியே சிறந்த ஆட்டக்காரர் என்று தியான் சந்த் கடைசிவரை சொல்லிவந்தார்.

குவாலியரில் ரூப் சிங்கின் பெயரில் ஒரு மைதானம் இருக்கிறது. ஹொக்கிக்காகக் கட்டப்பட்ட அதில் பிறகு கிரிக்கெட் ஆடினார்கள். 2010 இல் சச்சின் டெண்டுல்கர் ஒருநாள் போட்டியில் இரட்டைச் சதம் அடித்த மைதானம் என்றுதான் இன்று பலருக்கு அது தெரியும்.

அவர் விரும்பிய ஆட்டம்

தியான் சந்தின் சுயசரிதை 1952 இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. ஒலிம்பிக் இறுதியாட்டங்களில் ஆடியவர், தான் ஆடியதில் சிறந்த ஆட்டமாக எதைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? 1933 இல் கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கிண்ண இறுதியாட்டத்தை. அவருடைய ஊர் அணியான ஜான்சி ஹீரோஸ், பலம்வாய்ந்த கல்கத்தா சுங்கத் திணைக்கள அணியை எதிர்த்து ஆடியது.

சுங்க அணி முழு நேரமும் அழுத்திக்கொண்டிருந்தது. ஜான்சி தடுத்துக்கொண்டே இருந்தது. ஒரு கணத்தில் நடுவில் நின்ற தியான் சந்திடம் பந்து வந்தது. அவர் அதைத் தானே எடுத்துக்கொண்டு ஓடவில்லை. எதிரணியின் இடைவெளிக்குள்ளே நீளமாகத் தள்ளினார். இஸ்மாயில் என்ற சக வீரர் அரை மைதானத்தையும் ஓடிக் கடந்தார். தடுக்க வந்த இருவருக்குள் யார் போவது என்ற குழப்பம். இஸ்மாயில் அதற்குள் நுழைந்து கோலாக்கினார். அந்த ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அது.

தன் வாழ்வின் சிறந்த ஆட்டம் என்று அவர் தெரிந்தெடுத்ததில், வெற்றிக் கோலை அடித்தவர் இன்னொருவர். இதைப் படித்த பிறகு காந்தக் கதைகள் எனக்கு முக்கியமாகத் தெரியவில்லை.

பேர்லின், 1936

1935 இல் நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, இலங்கை என்று நீண்ட சுற்றுப்பயணத்தில் அணி 584 கோல்கள் அடித்தது. அதில் 201 தியான் சந்துடையவை. அடுத்த வருடம் பேர்லின் ஒலிம்பிக்குக்கு அவர் அணித்தலைவர்.

பேர்லினில் இறங்கிய சில நாட்களில் ஜேர்மனியுடன் ஒரு பயிற்சி ஆட்டம். இந்தியா 4–1 என்று தோற்றது. அணித்தலைவருக்கு அது பெரும் அடி. ஆனால் என்ன குறை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முன்வரிசையில் ஒரு கண்ணி அறுந்திருந்தது. தன்னோடு உள் வலது பக்கத்தில் ஆடுவதற்கு டாராவை அனுப்பும்படி இந்தியாவுக்குத் தகவல் போனது. முதலில் விடுவிக்கப்படாதிருந்த அந்த வீரர் பிறகு விமானத்தில் வந்து சேர்ந்தார்.

இறுதியாட்டம் மழையால் ஒரு நாள் தள்ளிப்போய் ஓகஸ்ட் 15 அன்று நடந்தது. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் உதவி முகாமையாளர் பங்கஜ் குப்தா ஒரு மூவர்ணக் கொடியை எடுத்து வைத்தார். அப்போது அது காங்கிரசின் கொடி. இந்தியா பிரித்தானியக் கொடியின் கீழ் ஆடிய காலம். அணியில் பலர் பிரித்தானிய அரசிடம் சம்பளம் வாங்குபவர்கள். அந்த அறைக்குள் எல்லோரும் அதற்கு வணக்கம் செலுத்திவிட்டு மைதானத்துக்குப் போனார்கள். சரியாகப் பதினொரு வருடங்களின் பின் அதே திகதியில் அந்த நாடு சுதந்திரம் பெறும் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

ஈரத் தரையில் ஜேர்மனியர் கடுமையாக ஆடினார்கள். இடைவேளையில் 1–0 மட்டுமே. தியான் சந்த் முள் பதித்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு இரண்டாம் பாதிக்கு வந்தார். ஈரப் புல்லில் பந்தை வைத்துக்கொண்டு ஓடுபவன் சறுக்குவான். பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி ஓடுபவர்களைப் பிடிப்பது கடினம். இரண்டாம் பாதியில் ஏழு கோல்கள் விழுந்தன. ஆட்டம் 8–1. அந்தப் போட்டித் தொடர் முழுவதிலும் இந்தியாவுக்கு எதிராக விழுந்தது அந்த ஒரு கோல் மட்டுமே.

ஆட்டத்தின் நடுவே ஜேர்மன் கோல் காப்பாளருடன் மோதி தியான் சந்துக்கு ஒரு பல் போனது. சிகிச்சை பெற்றுத் திரும்பியவர், சில நிமிடங்களுக்குக் கோல் அடிக்க வேண்டாம் என்று தன் ஆட்களிடம் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. பந்தை எதிரணியின் அரைவட்டம் வரைக்கும் கொண்டுபோய், அடிக்காமல் பின்னுக்குத் திருப்பிக்கொண்டு வந்தார்களாம். திருப்பி அடிப்பதற்குப் பதிலாக அவர்கள் செய்தது பந்துப் பரிமாற்றம்.

மூன்று ஒலிம்பிக், 12 ஆட்டங்கள். இந்தியா அடித்தது 102 கோல்கள். வாங்கியது 3.

போர் எடுத்துக்கொண்டவை

பேர்லினில் தங்கம் வென்றபோது அவருக்கு முப்பத்தொரு வயது ஆகப்போகிறது. அடுத்த ஒலிம்பிக் 1940 இல். அது நடக்கவில்லை. 1944 இலும் நடக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஒலிம்பிக்கே நின்றுபோனது. போர்க் காலத்தில் அவர் இராணுவத்தில் அதிகாரியாக உயர்த்தப்பட்டார். ஆனால் ஒலிம்பிக் மறுபடியும் 1948 இல் லண்டனில் நடந்தபோது அவருக்கு நாற்பத்து மூன்று வயது நெருங்கியிருந்தது.

போர் ஒருவரிடமிருந்து எதை எடுத்தது என்று கணக்கெடுக்கும்போது உயிரையும் வீட்டையும் காணியையும் எழுதுகிறோம். ஒரு ஓட்டக்காரனின் இருபது வயதை, ஒரு கரப்பந்தாட்டக்காரியின் பத்து வருடத்தை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. இடம்பெயர்ந்த பாடசாலைகள், முகாம்களாக மாறிய மைதானங்கள், முட்கம்பிக்குள் போன மைதானங்கள் என்று எங்கள் மண்ணில் இதற்குச் சாட்சிகள் நிறைய. அந்த வருடங்கள் திரும்பி வருவதில்லை. மூன்று தங்கம் வென்றவருக்கும் அவை திரும்பி வரவில்லை.

1947 இல் நாடு பிரிந்தது. பேர்லின் இறுதியாட்டத்தில் ஆடிய பதினொரு பேரை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அலன், டாப்செல், கலன், கலிபார்டி ஆகியோர் ஆங்கிலோ இந்தியர்கள். முகமது ஹுசைன், ஷகாபுத்தீன், டாரா, ஜாபர் முஸ்லிம்கள். அவர்களோடு நிமல், ரூப் சிங், தியான் சந்த். பந்து கைமாறும்போது யாரும் சமயம் கேட்டதில்லை. பேர்லினில் தியான் சந்த் ஆள் அனுப்பி அழைத்த அதே டாரா, 1948 இல் லண்டனுக்குப் பாக்கிஸ்தான் அணியின் தலைவராக வந்தார். ஆங்கிலோ இந்தியர் பலர் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். இந்தியாவிலிருந்து குடிபெயர்ந்த பியர்ஸ் சகோதரர்கள் ஐவர் பின்னர் அவுஸ்திரேலியாவுக்காக ஹொக்கி ஆடினார்கள். 1932 அணியின் தலைவராக இருந்த லால் ஷா புகாரி பாக்கிஸ்தான் உயர்ஸ்தானிகராக இலங்கைக்கு வந்து, 1959 இல் கொழும்பிலே காலமானார்.

பயிற்றுநராக

1956 இல் மேஜர் தரத்தில் அவர் ஓய்வு பெற்றார். அதே வருடம் பத்மபூஷண் விருது கிடைத்தது. பிறகு பட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் தலைமை ஹொக்கிப் பயிற்றுநராக இருந்தார். தான் ஆட முடியாத வருடங்களை மற்றவர்களை ஆடவைப்பதில் செலவழித்தார்.

மகன் அசோக் குமாரும் ஹொக்கி வீரரானார். 1975 இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பாக்கிஸ்தானுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்தவர் அவர். அடுத்த வருடம் மொன்றியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தளத்தில் ஹொக்கி ஆடப்பட்டது. புல்லில் பழகிய இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. அப்படியொரு தளம் போடப் பணமுள்ள நாடுகளுக்கு ஆட்டம் கைமாறிக்கொண்டிருந்ததை முதியவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கடைசிக் காலம் ஜான்சியில் கழிந்தது. கையில் பணம் அதிகமில்லை. ஈரல் புற்றுநோய் வந்தபோது டெல்லியில் உள்ள அரச வைத்தியசாலையில் சேர்த்தார்கள். பொது வார்டில்தான் முதலில் இடம் கிடைத்தது. படுக்கையிலும் அவர் கவலைப்பட்டது தன் நாட்டு ஹொக்கியைப் பற்றி. 1979 டிசம்பர் 3 அன்று, எழுபத்து நான்காவது வயதில் இறந்தார். ஜான்சியில் அவர் ஆடிய ஜான்சி ஹீரோஸ் மைதானத்திலேயே அவருடைய உடல் தகனம் செய்யப்பட்டது.

பிறகு எல்லாம் வந்தன. பிறந்தநாள் தேசிய விளையாட்டு நாளானது. டெல்லியின் தேசிய விளையாட்டரங்குக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2021 இல் நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதுக்கும் அவர் பெயரை வைத்தார்கள். பொது வார்டில் கிடந்தவருக்கு அவற்றில் ஒன்றும் தெரியாது.

திரும்பி நடந்தவர்

ஒரு சம்பவத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். 1947 இன் இறுதியில், பிரிவினையின் இரத்தம் காயாத நேரத்தில், கிழக்கு ஆபிரிக்காவில் வாழ்ந்த ஆசிய மக்கள் இந்திய ஹொக்கி அணியை அழைத்தார்கள். ஒரே நிபந்தனை, தியான் சந்த் வர வேண்டும். நாற்பதைக் கடந்த அவர், தன் பிள்ளைகளைப் போன்ற இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு போனார். அங்கும் கோல்களைக் குவித்தார்.

அந்த அணியில் கே. டி. சிங் பாபு என்ற இளம் வீரர் இருந்தார். 1952 இல் ஹெல்சிங்கியில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவராக இருந்தவர் இவர்தான். ஓர் ஆட்டத்தில் தியான் சந்த் அவருக்கு அருமையான ஒரு பந்தைத் தள்ளினார். தள்ளியவுடன் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன்னுடைய பாதியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். பந்து உள்ளே போனதா என்று பார்க்கவில்லை. ஏன் அப்படி நடந்தீர்கள் என்று பிறகு கேட்டபோது, அந்தப் பந்தைக்கூடக் கோலாக்க முடியாதவர் என் அணியில் இருக்க மாட்டார் என்ற கருத்தில் பதில் சொன்னாராம். உடன் ஆடிய கேஷவ் தத் இதைப் பல வருடங்களுக்குப் பின்னும் நினைவுகூர்ந்தார்.

இதை அகந்தை என்று சிலர் வாசிக்கலாம். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. தன்னுடைய சிறந்த வருடங்களைப் போரிடம் கொடுத்தவர், பாதி அணியை எல்லைக்கோட்டுக்கு அப்பால் இழந்தவர், ஓர் இளைஞனிடம் பந்தைக் கொடுத்துவிட்டு அவன் முடிப்பான் என்று திரும்பி நடக்கிறார். அந்த நம்பிக்கையும் ஒரு பயிற்சிதான். பத்து மீற்றர் இடைவெளியில் மூன்று பேரை நிறுத்தி, தண்ணீர்ப் போத்தல்களை வைத்து, எந்தக் கிரவல் மைதானத்திலும் அதைத் தொடங்கலாம்.